ஏழு குடித்தனம், ஒரு குளியலறை: ஆறடியை எங்கே விடுவது?

12 ஜூன் 2020

வாசகர் ஒருவர் கேட்கிறார்: “கொரோனாவுக்குத் தடுப்பூசி வரும் வரைக்கும், ஓராண்டோ இரண்டாண்டோ, ஆறடி தள்ளியேதான் இருக்க வேண்டுமாம். நம் ஊரில் இது நடக்கிற காரியமா? சும்மா போஸ்டரில் எழுதிக்கொண்டிருக்கிறோமா?”

நடக்காது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் நடந்துகொண்டுதான் இருக்கிறது, போஸ்டரில் இருக்கிற விதத்தில் இல்லை, அவ்வளவுதான்.

நான் இருப்பது திருவல்லிக்கேணியில், ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டில். தெருவுக்கு ஒரு வாசல், உள்ளே நீள நடை, நடுவில் முற்றம், சுற்றி ஏழு குடித்தனம். கழிப்பறை இரண்டு, குளியலறை ஒன்று, அடிபம்பு ஒன்று, மொட்டை மாடி ஒன்று. எங்கள் போர்ஷன் ஓர் அறையும் சமையல்கட்டும். நான், மனைவி, அம்மா, ஏழாம் வகுப்புக்குப் போக வேண்டிய மகள். எனக்கும் என் மனைவிக்கும் நடுவில் ஆறடி விட வேண்டுமென்றால் ஒருத்தர் பக்கத்துப் போர்ஷனில் போய் நிற்க வேண்டும். அங்கே ஏற்கெனவே ஐந்து பேர்.

ஏப்ரலிலேயே முன்போர்ஷன் பெரியவர், தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு முழு வெள்ளைத் தாளில் கோடு போட்டு அட்டவணை எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டிவிட்டார். எந்தக் குடித்தனம் எப்போது குளிப்பது, யார் எப்போது பம்பு அடிப்பது, மாடியில் யாருக்கு எந்த நேரம் துணி காயப்போடவும் நடக்கவும். அதிகாலை நாலரை மணி எங்களுக்கு. முதல் வாரம் எல்லோரும் முணுமுணுத்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. பம்பில் குடத்தை வைத்துவிட்டு அரை மணி நேரம் கதை பேசுகிற பழக்கம் போனது. பெண்கள் இப்போது அவரவர் வாசற்படியில் நின்று முற்றத்தின் குறுக்கே சத்தமாகப் பேசுகிறார்கள். ரகசியம் பேசத்தான் வழியில்லை.

ஆகவே என் பதில்: இடம் இல்லாதவர்கள் நேரத்தில்தான் தள்ளி நிற்க முடியும். அடியில் அளக்கச் சொன்னால் தோற்றுப்போவோம். மணியில் அளந்தால் ஏதோ கொஞ்சம் முடியும்.

13 ஜூன் 2020

ரேஷன் கடை வட்டங்களைப் பற்றிக் கேலி செய்து ஒருவர் எழுதியிருக்கிறார். “வட்டத்துக்குள் செருப்பு நிற்கிறது, ஆள் மரத்தடியில் கூட்டமாக நிற்கிறான்.” நானும் பார்த்தேன். செருப்பு, துணிப்பை, செங்கல், ஒரு வட்டத்தில் மண்ணெண்ணெய் கேன். எல்லாம் ஒழுங்காக இடைவெளி விட்டு நிற்கின்றன. சிரிப்புதான். ஆனால் ஜூன் மாத வெயிலில் சுண்ணாம்பு வட்டத்துக்குள் இரண்டு மணி நேரம் நின்று பாருங்கள். நிழல் ஒன்றே ஒன்று இருந்தால் கூட்டமும் ஒன்றாகத்தான் இருக்கும். வட்டம் போட்டவர் மேலே ஒரு கீற்றுப் பந்தலும் போட்டிருக்கலாம்.

16 ஜூன் 2020

வெள்ளிக்கிழமை 19 முதல் 30 வரை சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் நான்கிலும் முழு ஊரடங்கு என்று நேற்று அறிவித்தார்கள். நேற்று ராத்திரியே எங்கள் வீட்டில் இரண்டு குடித்தனம் காலி. ஒன்று திண்டிவனம் பக்கம், இன்னொன்று அதையும் தாண்டி. பைக்கில் முன்னால் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி, மடியில் மூட்டை. மாவட்டம் தாண்ட வாங்க வேண்டிய இ-பாஸ் கிடையாது. பரனூர் சுங்கச்சாவடியில் வண்டிகள் நிற்பதை டிவியில் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

அவர்கள் போனதில் எங்களுக்குக் குளியலறையில் கூடுதல் நேரம். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நடந்தது அதுதான்.

18 ஜூன் 2020

“மக்களுக்கு ஒழுக்கம் இல்லை. கடையைத் திறந்தால் முண்டியடிக்கிறார்கள்” என்று ஒரு கருத்து. இதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 5 முதல் மளிகை, காய்கறிக் கடைகள் மதியம் 1 மணி வரைதான் என்று நேரத்தைக் குறைத்தார்கள். அதற்கு முன்னால் இரண்டரை வரை இருந்தது. ஒரு தெருவில் அன்றைக்குக் காய் வாங்க வேண்டியவர்கள் அதே ஆட்கள்தான், யாரும் குறையவில்லை. நேரம் குறைந்தால் அத்தனை பேரும் அந்தக் குறைந்த நேரத்துக்குள் நுழைய வேண்டும். பிறகு சென்னை, கோவை, மதுரையில் ஏப்ரல் 26 முதல் 29 வரை மளிகைக் கடைகூடக் கிடையாது என்றார்கள். விளைவு, 25ஆம் தேதி ஊரே கடையில். கோயம்பேட்டில் அன்று இருந்த கூட்டத்தை எல்லோரும் பார்த்தோம். மே 5ஆம் தேதி சந்தையையே மூடினார்கள். அங்கே மூட்டை தூக்கிய தொழிலாளர்கள் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று ஊருக்குத் திரும்ப, கூடவே தொற்றும் போனது. காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாறியது.

நேரத்தைச் சுருக்கினால் இடைவெளியும் சேர்ந்து சுருங்கும். எங்கள் முன்போர்ஷன் பெரியவருக்கு இது தெரிந்திருந்தது. குளியலறை நேரத்தை அவர் காலை ஆறு முதல் எட்டு என்று வைக்கவில்லை. நாலரைக்குத் தொடங்கி மதியம் வரை விரித்தார்.

வேடிக்கை என்னவென்றால், டாஸ்மாக்குக்கு இது புரிந்துவிட்டது. மே 7 திறந்து, உயர் நீதிமன்றம் மூடச் சொல்லி, உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை கொடுத்து, மே 16 மறுபடி திறந்தபோது கடைக்கு ஒரு நாளில் 500 டோக்கன், ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு நிறம். கேரளத்தில் தண்ணீர்முக்கம் ஊராட்சியிலோ வெளியே வந்தால் கையில் விரித்த குடை இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். இரண்டு குடை இடிக்காமல் நின்றால் தானாகவே இடைவெளி வந்துவிடும். காசும் கம்மி, வெயிலுக்கும் ஆச்சு. மேலே நான் கேட்ட பந்தல் அவர்கள் கையிலேயே இருக்கிறது.

19 ஜூன் 2020

ரேஷனுக்கும் ஏப்ரலில் டோக்கன் கொடுத்தார்களே என்கிறார்கள். ஆமாம், 1000 ரூபாய் கொடுத்தபோது தேதியும் நேரமும் எழுதிய டோக்கன் வீட்டுக்கே வந்தது. சேர்த்துக்கொள்ளுங்கள். என் வாதத்துக்கு அது பலம்தான்.

28 ஜூன் 2020

“நம் முன்னோர் எல்லாம் தெரிந்தவர்கள். அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை கட்டினார்கள், வெளியாள் வரமாட்டான். தனிமைப்படுத்தலை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்ததே நாம்தான்.” வாட்ஸ்அப்பில் வந்தது இங்கேயும் வந்துவிட்டது.

பாதி சரி. எனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டபோது வாசல் நிலையில் வேப்பிலை. வீட்டில் தாளிக்கவில்லை, எண்ணெய்ச் சட்டி ஏற்றவில்லை. மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை யாரும் உள்ளே வரவில்லை, நாங்களும் யார் வீட்டுக்கும் போகவில்லை. அம்மா இன்னும் அந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறார்: “இதுக்கு எத்தனாவது தண்ணிடா?” கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன, கொள்ளை நோய்க்குச் சாமியே உண்டு.

ஆனால் அம்மை வீட்டுக்கு இளநீரும் வேப்பிலையும் வாசல் வரை வந்து சேரும். அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று மரியாதை. இப்போது தொற்று வந்த வீட்டுக்கு வருவது வாசலை அடைக்கிற தகரம். அப்புறம் இன்னொன்று: முன்னோர் தள்ளி நிறுத்தியது நோயாளியை மட்டும்தானா? ஆள் நல்ல ஆரோக்கியமாக இருக்கும்போதே எட்டி நில் என்றார்கள், தம்ளரைத் தனியாக வைத்தார்கள், தெருவையே தனியாக வைத்தார்கள். அதையும் சேர்த்தா பெருமைப்பட்டுக்கொள்வது? வேப்பிலையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பது நல்ல வியாபாரம்.

9 ஜூலை 2020

முடிவெட்டிக்கொள்ள ஆதார் எண் எழுதிக் கொடுத்தேன். பெயர், முகவரி, தொலைபேசி, ஆதார். பாங்கில் கணக்குத் தொடங்கிய அன்றுகூட இவ்வளவு கேட்கவில்லை. கண்ணாடியில் முகம் பார்க்க மாஸ்க்கைக் கழற்றலாமா என்று கேட்டேன். “வெட்டினது எப்படியும் தெரியும் சார், போட்டுக்குங்க” என்றார்.

19 ஜூலை 2020

என் தொழிலைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அச்சு. அட்டை வாங்குகிற கடைகள் முன்னால், அச்சடிக்கிற நாங்கள் பின்னால் சந்துகளில். சித்திரை, வைகாசி இரண்டு மாத வேலையில்தான் வருடத்துக்கே சோறு. இந்த வருடம் அந்த இரண்டு மாதமும் ஷட்டர் திறக்கவில்லை.

இப்போது ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆள் வருகிறார்கள். கல்யாணத்துக்கு 50 பேர்தான் அனுமதி. அப்படியென்றால் 30 பத்திரிகை போதும். ஒருவர் வந்து 300 வேண்டும் என்றார். மண்டபத்தில் 50 பேர்தானே என்றேன். “கூப்பிடலைன்னு யாரும் சொல்லக் கூடாது. கூப்பிட்டதும் வந்துடவும் கூடாது. அந்த மாதிரி ஒரு வாசகம் போடுங்க.” நாற்பது வருட அனுபவமுள்ள கம்பாசிட்டர் ஒருவர் எங்களோடு இருக்கிறார். அவரும் நானும் உட்கார்ந்து யோசித்தோம். கடைசியில், ‘தற்போதைய சூழ்நிலை கருதி தாங்கள் தங்கள் இல்லத்திலிருந்தே மணமக்களை ஆசீர்வதிக்க அன்புடன் வேண்டுகிறோம்’ என்று போட்டோம். கீழே வழக்கம்போல ‘தங்கள் நல்வரவை நாடும்’ என்று பெயர்கள். இரண்டும் ஒரே அட்டையில். அவர் அதைப் படித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வாசகம் இப்போது சந்து முழுக்க ஓடுகிறது. காப்பிரைட் வாங்கியிருந்தால் பிழைத்திருப்பேன்.

பத்திரிகை வைக்கிற முறையும் மாறிவிட்டது. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வருவதெல்லாம் போய், கேட்டுக்கு வெளியிலிருந்தே கம்பி இடுக்கில் செருகிவிட்டு போனில் “வெச்சிருக்கேன், எடுத்துக்குங்க”. மாமன் வீட்டுக்கு இப்படிச் செய்தால் முன்பு ஏழு வருடம் பேச்சு நின்றிருக்கும். இப்போது யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நம் உறவுகளில் பாதிச் சண்டை இடம் பொருள் தெரியாமல் பத்திரிகை வைத்ததால் வந்தது என்று எப்போதும் நினைப்பேன். அந்தப் பாதிக்கு விடுமுறை.

30 ஜூலை 2020

பின்போர்ஷனில் மகனுக்குப் பாசிட்டிவ். வீட்டில் தனிமை என்றால் தனி அறை வேண்டும், தனிக் கழிப்பறை வேண்டும். இங்கே எங்கே? கல்லூரிகளையும் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தையும் கோவிட் மையங்களாக மாற்றியிருக்கிறார்கள். அப்படி ஒரு மையத்துக்குக் கூட்டிப்போனார்கள். மீதி எங்கள் எல்லோருக்கும் வாசலில் ஸ்டிக்கர், நடை முகப்பில் தகரம்.

காலையும் மாலையும் ஒரு கள ஊழியர் வந்து காய்ச்சல் பார்க்கிறார். கல்லூரி முடித்த பெண்ணாக இருக்க வேண்டும். தகரத்தின் மேல் வழியாகவே காய்கறிப் பையையும் பால் பாக்கெட்டையும் கொடுக்கிறார். தெருவில் தெரிந்தவர்கள் எதிர்ச்சாரியில் நடக்கிறார்கள். எங்களுக்கு ஆறடி போதாது என்று முப்பதடி கொடுத்திருக்கிறார்கள்.

10 ஆகஸ்ட் 2020

பின்போர்ஷன் பையன் திரும்பிவிட்டான், நன்றாக இருக்கிறான். ஆனால் அவனுக்கு அடுத்துக் குளிக்கிற முறை இருந்த நடுப்போர்ஷன் அண்ணனுக்கும் வந்துவிட்டது. இருவரும் நேரில் பேசிக்கொண்டதே இல்லை. அட்டவணையை இருவரும் தவறாமல் பின்பற்றினார்கள்.

இது என் முதல் குறிப்பை ஆட்டிவிட்டது. நேரத்தில் தள்ளி நின்றால் போதும் என்று எழுதியிருந்தேன். எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை. போன மாதம் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து ஒரு கடிதம் வெளியிட்டார்கள்: பெரிய எச்சில் துளிகள் சீக்கிரம் கீழே விழுந்துவிடும், அதற்குத்தான் இந்த ஆறடிக் கணக்கு; ஆனால் நுண்துளிகள் மூடிய இடத்தில் காற்றிலேயே மிதந்துகொண்டிருக்கும், உலக சுகாதார நிறுவனம் அதைக் கவனிக்க வேண்டும் என்று. சீனாவின் குவாங்சோவில் ஜன்னலில்லாத ஏசி உணவகம் ஒன்றில் பக்கத்து மேசைக் குடும்பங்களுக்கும் பரவியது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில், மார்ச்சில், பாட்டுக்குழு ஒன்று இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர், நோய் கண்டது 53 பேருக்கு. நம் பஜனை மடங்களை நினைத்துக்கொண்டேன்.

எங்கள் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், நான்கு பக்கமும் சுவர், மூடினால் இருட்டு. ஒருத்தர் வெளியே வந்ததும் அடுத்தவர் உள்ளே போனால் அவர் விட்ட மூச்சுக்குள்தான் போகிறோம். அண்ணனுக்கு அப்படித்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பால் பூத், மளிகைக் கடை என்று எங்கே வேண்டுமானாலும் வந்திருக்கலாம். ஆனால் இனி குளித்துவிட்டு வருகிறவர் கதவை விரியத் திறந்து வைக்க வேண்டும், அரை மணி கழித்துத்தான் அடுத்தவர் என்று பெரியவர் அட்டவணையைத் திருத்திவிட்டார். எங்கள் முறை நாலு மணிக்கு வந்துவிட்டது.

வீட்டுக்காரரிடம் ஒரு ஜன்னல் கேட்டோம். சுவர் பழசு, தாங்காது என்கிறார்.

12 ஆகஸ்ட் 2020

தாங்குகிறது. மேல் வரிசையில் நான்கு செங்கலைப் பெயர்த்துவிட்டோம். வீட்டுக்காரர் அம்பத்தூரில் இருக்கிறார், இ-பாஸ் இல்லாமலே வரலாம், ஆனால் வரமாட்டார்.

2 செப்டம்பர் 2020

மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம் என்று நேற்று முதல் எடுத்துவிட்டார்கள். அதனால் இனி சொல்லலாம்.

மே, ஜூன் மாதங்களில் இ-பாஸ் கிடைக்க மூன்று நான்கு காரணங்கள்தான்: கல்யாணம், சாவு, மருத்துவம், ஊர் மாறி மாட்டிக்கொண்டது. கல்யாணம் என்றால் பத்திரிகையைப் பதிவேற்ற வேண்டும். அப்போது என் போனுக்கு ஒருவர் கூப்பிட்டார். சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம். அப்பாவுக்கு முடியவில்லை. மருத்துவக் காரணத்துக்கு விண்ணப்பித்தார், நிராகரித்துவிட்டார்கள். “அண்ணே, ஒரே ஒரு பத்திரிகை அடிச்சுக் குடுங்க. பெயரெல்லாம் நானே சொல்றேன்.” மணமகன் பெயருக்கு யாரைப் போடுவது என்றேன். “என்னையே போட்டுடுங்க, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை.” மணமகள்? கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஒரு பெயர் சொன்னார். சட்டென்று யோசித்துச் சொன்ன பெயர் மாதிரித் தெரியவில்லை.

அடித்தேனா என்று கேட்காதீர்கள்.

15 டிசம்பர் 2020

மெரினாவை நேற்றுத் திறந்துவிட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மார்ச்சிலிருந்து மூடி வைத்திருந்தார்கள். பெரிய வணிக வளாகங்களைச் செப்டம்பர் 1ஆம் தேதியே திறந்தாயிற்று, நவம்பர் 10 முதல் தியேட்டரும் திறந்தாயிற்று, மூன்றுமே பூட்டிய இடத்தில் ஏசி போட்டுச் சுற்றுகிற காற்று... இல்லை, இரண்டு. கோபத்தில் எண்ணிக்கை கூடிவிட்டது. இத்தனை அகலமான மணலும் கடல் காற்றும் உள்ள இடத்துக்குத் தடுப்புக் கட்டை. ஒண்டுக்குடித்தனத்துக்காரனுக்குக் கடற்கரை என்பது பொழுதுபோக்கு இல்லை, அது எங்கள் கூடம். வீட்டுக்குள் ஏழு பேர் எட்டு பேர் அடைந்து கிட என்று சொல்லிவிட்டு, காற்றோட்டமான ஒரே இடத்தைப் பூட்டினால் என்ன அர்த்தம்?

கூட்டம் சேரும் என்றுதான் மூடினார்கள், தெரியும். அட்டவணை போட்டிருக்கலாம். எங்கள் பெரியவரை அனுப்பிவைத்திருப்போம்.

11 ஜனவரி 2021

தியேட்டரில் நூறு சதவீத இருக்கை என்று 4ஆம் தேதி ஆணை. மத்திய அரசு கேட்டது, நீதிமன்றம் கேட்டது, 8ஆம் தேதி மறுபடி ஐம்பது. பொங்கலுக்கு எந்தப் படம் வருகிறது என்று உங்களுக்கே தெரியும், நான் சொல்லவில்லை.

20 ஜனவரி 2021

மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மொய்க்கு க்யூஆர் குறி அச்சடித்திருக்கிறார்களாம், செய்தியில் காட்டினார்கள். எங்கள் சந்தில் பெரிய விவாதம். கம்பாசிட்டர், “மொய் நோட்டு எழுதறவருக்கு இனிமே என்ன மரியாதை?” என்கிறார். எனக்குப் பிடித்திருக்கிறது. இல்லத்திலிருந்தே ஆசீர்வதிக்கச் சொன்னோம்; ஆசீர்வாதத்துக்கு ஒரு வழியும் வைக்க வேண்டாமா?

8 மே 2021

திங்கள் 10ஆம் தேதி முதல் மறுபடி முழு ஊரடங்கு. போன ஜூலையில் பயந்து நடுங்கினோமே, அப்போது மாநிலத்தில் ஒரு நாள் உச்சம் 6,993. இப்போது 25 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. வைகாசி ஆர்டர்கள் எல்லாம் ரத்து. அடித்து வைத்த அட்டைகளில் தேதி போட்டாயிற்று, பழைய பேப்பர்காரர்கூட வருவதில்லை.

17 மே 2021

ரெம்டெசிவிர் மருந்துக்குக் கீழ்ப்பாக்கத்தில் வரிசை, விடிய விடியப் படுத்துக் கிடந்தார்கள். அங்கே தாங்கவில்லை என்று நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் அதே கூட்டம். இனி மருத்துவமனைகளுக்கே நேரடியாகக் கொடுக்கப்போகிறார்களாம். நோயாளியின் வீட்டு ஆள்தான் வரிசையில் நிற்பார், அதாவது தொற்று அவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவர்களை ஒரே இடத்தில் சேர்த்த வரிசை அது. ஒழுக்கம் இல்லாத மக்கள் என்று போன வருடம் எழுதியவர் இதற்கும் ஏதாவது எழுதுவார் என்று பார்த்தேன், காணோம்.

23 மே 2021

நாளை முதல் தளர்வே இல்லை, மளிகைக் கடையும் கிடையாது. ஆனால் இந்த முறை நேற்றும் இன்றும் கடைகளை இரவு 9 மணி வரை திறக்கவிட்டார்கள், ஊருக்குப் போக பஸ்ஸும் விட்டார்கள். காய்கறி இனி வண்டியில் தெருவுக்கே வருமாம். போன வருட ஏப்ரலுக்கு இது எவ்வளவோ மேல். கூட்டம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. நேரத்தை நீட்டினால் போதும் என்று நான் எழுதியதை இன்று தி.நகர் பக்கம் போய் வந்தவர் படித்தால் அடிக்க வருவார். பயம் வந்தால் ஜனங்கள் நேரத்தைப் பார்க்க மாட்டார்கள். முந்திப் போகத்தான் பார்ப்பார்கள்.

வெள்ளிக்கிழமை மாநிலத்தில் தொற்று எண்ணிக்கை 36,184.

அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் இந்த வாரம் ஒரு குறிப்பு வெளியிட்டிருக்கிறது. நுண்துளிகள் காற்றில் 10 மீட்டர் வரை போகலாம், ஜன்னலைத் திறங்கள், எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள் என்று. பெரியவர் மருத்துவமனையில் இருக்கிறார். அவருடைய மகன் அதைப் படித்துவிட்டு மறு பேச்சில்லாமல் ஒரு ஃபேன் வாங்கிவந்து, நாங்கள் பெயர்த்த நான்கு செங்கல் ஓட்டையைப் பெரிதாக்கி மாட்டிவிட்டார். மின் இணைப்பு அவர்கள் போர்ஷனிலிருந்தே.

29 மே 2021

பெரியவர் போய்விட்டார்.

இறுதிச் சடங்குக்கு 20 பேர் வரலாம் என்று விதி. அத்தனை பேர் போகவில்லை. மகனும் இன்னும் சிலரும் நேரே மயானத்துக்கு. வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பெரியவர் வீட்டம்மா நடையில் உட்கார்ந்திருந்தார், நாங்கள் அவரவர் வாசற்படியில் நின்றோம். இந்த வீட்டில் சாவு என்றால் முற்றம் கொள்ளாது. துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காப்பி போட எங்கள் சமையல்கட்டைத்தான் பிடுங்கிக்கொள்வார்கள். அன்றைக்கு அடுப்பு சும்மா இருந்தது.

என் அம்மா மட்டும் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு போய் அந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். தடுப்பூசி ஒன்றுதான் போட்டிருக்கிறார். நான் கூப்பிட வாயெடுத்தேன், மனைவி வேண்டாம் என்று தலையாட்டினாள். அம்மாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செய்யுங்கள் என்று உங்களுக்குச் சொல்லவும் மாட்டேன்.

14 ஜூன் 2021

அம்மா நன்றாக இருக்கிறார். கேட்டவர்களுக்காக.

3 நவம்பர் 2021

ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 1ஆம் தேதி பள்ளி திறந்தது. ஆறாம் வகுப்பில் வீட்டுக்கு வந்தவள் எட்டாம் வகுப்பில் திரும்பிப் போயிருக்கிறாள். பழைய பாவாடை முழங்காலுக்கு மேலே. ஒரே போனில் ஆன்லைன் வகுப்பு, கல்வித் தொலைக்காட்சி எல்லாம் முடிந்து நேரில் போனால், பெஞ்சுக்கு இரண்டு பேர், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆக, பள்ளிக்கும் கடைசியில் முறை போட்டுவிட்டார்கள்.

வந்ததும் கேட்டேன், எப்படி இருந்தது? “ரொம்ப சத்தம்ப்பா” என்றாள். ஏழு குடித்தனச் சத்தத்தில் வளர்ந்தவள். இப்போது சாயங்காலம் ஆறு முதல் ஏழு மாடி தனக்கு மட்டும் வேண்டும் என்கிறாள். நோய்க்காக இல்லை. அப்படியே பழகிவிட்டதாம். வீட்டில் எல்லோரும் சரி என்றுவிட்டார்கள். நாங்கள் வளர்ந்தபோது தனியாக இருக்க வேண்டும் என்று கேட்கவே தோன்றியதில்லை; கேட்டிருந்தால் உடம்புக்கு என்ன என்றிருப்பார்கள்.

18 ஜனவரி 2022

இந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் முழு ஊரடங்கு. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் பத்திரிகையைக் காட்டினால் போலீஸ் விடும். வரும் ஞாயிறு 23 தை முகூர்த்தம். வந்திருக்கிற ஆர்டர்களைப் பார்க்க வேண்டுமே! மண்டபத்துக்கு 100 பேர்தான், ஆனால் ஆளுக்கு ஒரு பத்திரிகை வேண்டும், குடும்பத்துக்கு ஒன்று போதாது. ஆட்டோ ஓட்டுபவருக்கு ஒன்று, சமையல்காரர் குழுவுக்குச் சில, நாதஸ்வரக்காரருக்கு ஒன்று. ‘இல்லத்திலிருந்தே ஆசீர்வதிக்க’ என்ற வரியை மறக்காமல் எடுக்கச் சொல்கிறார்கள். போலீஸ் படித்துவிட்டால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

கம்பாசிட்டர் சொல்கிறார், பத்திரிகை என்றாவது பாஸ்போர்ட் ஆகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நல்ல தாளில் அடித்திருப்பேன் என்று.

25 ஏப்ரல் 2022

மாதத் தொடக்கத்தில் எல்லாக் கட்டுப்பாடும் போனது. ஐஐடியில் எண்ணிக்கை கூடியதும் மாஸ்க் இல்லாவிட்டால் 500 ரூபாய் என்று திரும்ப வந்துவிட்டது. குளியலறைக் கதவில் அட்டவணை கிழிந்துபோய்ப் பாதிதான் இருக்கிறது. ஆனால் நேரம் எல்லோருக்கும் மனப்பாடம். புதிதாக வந்த குடித்தனக்காரர் ஆறு மணிக்கு வாளியோடு நின்றார். இது நடுப்போர்ஷன் நேரம், உங்களுக்கு ஒன்பதரை என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னோம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

9 அக்டோபர் 2022

கேட்டீர்களே என்று: ஃபேன் இன்னும் ஓடுகிறது. குளியலறையில் பாசி பிடிப்பது நின்றுவிட்டது, அதனால் யாரும் கழற்றவிடமாட்டார்கள். சண்டை இப்போது வேறு. போன மாதம் மின் கட்டணம் ஏறியதில் பெரியவர் மகன், என் மீட்டரில் எத்தனை நாள் ஓட்டுவது என்று கேட்டுவிட்டார். நியாயம்தான். பொது விளக்கு மீட்டருக்கு மாற்றச் சொன்னால் வீட்டுக்காரர், அந்த ஓட்டையையே நான் அனுமதிக்கவில்லை என்கிறார். சுவர் இடிந்து விழாமல் நிற்பதைச் சொன்னோம், அது வேறு விஷயமாம். கடைசியில் குடித்தனத்துக்கு மாதம் இருபது ரூபாய் என்று முடிவு. புதுக் குடித்தனக்காரரே கொடுத்துவிட்டார். நடுப்போர்ஷன் அண்ணன்தான், நான் பச்சைத் தண்ணீரில் ஐந்து நிமிடத்தில் குளிக்கிறவன், எனக்குப் பத்து ரூபாய் போதும் என்று உட்கார்ந்திருக்கிறார்.